காய்ச்சலும் நோயும்: வன்தட்டுகளின் வெப்ப வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் என் கணினியின் வன்தட்டு நோயுற்றது. ஒரு கோப்பைத் திறக்க முயன்றால் திரை நெடுநேரம் உறைந்து நின்றது. பெட்டிக்குள்ளிருந்து, மரக்கதவை நகத்தால் தட்டுவது போன்ற ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. வெப்பநிலையைக் காட்டும் நிரல் ஒன்றை நிறுவிப் பார்த்தேன். 54 டிகிரி செல்சியஸ் என்றது. நோயின் காரணம் கிடைத்துவிட்டதென்ற நிம்மதியுடன் பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, மேசை விசிறியை அதன் முன் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் எண் 41க்கு இறங்கியது. இரண்டு நாட்கள் அந்த எண்ணையே பார்த்துப் பார்த்து ஆறுதல் அடைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை, 38 டிகிரியில், காய்ச்சலே இல்லாத நிலையில், தட்டு மாண்டது.

அதனுள் என் பெரியம்மா பாடிய தாலாட்டுகளின் ஒலிப்பதிவுகள் இருந்தன. பாடியவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அவ்விரண்டு நாட்களும் தட்டு, திக்கித் திணறியேனும், கேட்டதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அப்பாடல்களை வேறோர் இடத்திற்குப் படியெடுத்திருக்கலாம். நானோ விசிறியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அந்த இழப்பைப் பற்றி எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வன்தட்டு பழுதானால் வெப்பமே குற்றவாளி என்ற உறுதியான நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பின்னர் என்னை விடாமல் தொடர்ந்தது. ஏட்டில் வன்தட்டு என்றும் கடைத்தெருவில் ஹார்ட் டிஸ்க் என்றும் வழங்கும் அக்கருவியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டென்பது தெரியவந்தது. ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்து, பின்னர் பாதி உண்மையாகத் தேய்ந்த நம்பிக்கை அது.

சான் ஹோசேயில் ஒரு தொடக்கம்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில், நோட்டர் டேம் அவென்யூ 99 என்ற முகவரியில், 1952ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் ஓர் ஆய்வகத்தைத் தொடங்கியது. அதன் பொறுப்பை ஏற்ற ரெனால்ட் ஜான்சன் முன்னர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் குழு உருவாக்கிய ராமாக் கணினி 1956 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அதனுடன் வந்த 350 என்னும் சேமிப்புக் கருவியே உலகின் முதல் வணிக வன்தட்டு. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டு நிமிடத்திற்கு 1200 சுற்று வேகத்தில் சுழன்றன. ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள அந்தக் கருவி கொண்டது 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. கணினித் தொகுதியின் மாத வாடகை 3200 டாலர்.

தட்டின் மேற்பரப்பில் இரும்பு ஆக்சைடுப் பூச்சு. அதன்மேல் எழுதவும் படிக்கவும் ஒரு காந்தமுனை. முனை தட்டைத் தொட்டால் பூச்சு உரிந்துபோகும். மிக விலகினால் எழுத்து பதியாது. எனவே ஒரு கம்ப்ரஸரிலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்தி, முனைக்கும் தட்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 மைக்ரான் இடைவெளியைக் காத்தனர். வன்தட்டின் எழுபதாண்டு வரலாறு முழுவதும் இந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்த கதைதான். வெப்பத்தின் கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது. இடைவெளி பெரிதாக இருக்கும்வரை ஓர் உலோகம் சற்று விரிந்தாலும் சுருங்கினாலும் கேடில்லை. இடைவெளி சிறுக்கச் சிறுக்க, விரிவு ஒவ்வொன்றும் கணக்கில் வந்துவிடுகிறது.

1961இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 1301 கருவியில் கம்ப்ரஸர் இல்லை. சுழலும் தட்டு இழுத்துச் செல்லும் காற்றிலேயே முனை மிதந்தது. இடைவெளி முந்தையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. 1973இல் வந்த ஐபிஎம் 3340, முனையையும் தட்டையும் ஒரே உறைக்குள் வைத்து மூடியது. கென்னத் ஹாட்டன் தலைமையில் உருவான இதற்கு வின்செஸ்டர் என்று பெயர். பின்னாளில் வன்தட்டு எனும் இனத்துக்கே அப்பெயர் பல காலம் வழங்கியது. தூசு உள்ளே நுழையும் வழி பெரிதும் அடைபட்டது. வெப்பத்துக்கோ எந்த உறையும் தடையன்று.

தடம் மாறிய எழுத்து

வெப்பத்தின் முதல் குற்றம் கருவியைக் கொல்வதன்று, வழி தவறச் செய்வது. இதை முதலில் உணர்ந்தவர்கள் 1960களின் கணினி அறைகளில் பணியாற்றியவர்கள். 1962இல் ஐபிஎம் 1311 என்ற கருவியுடன், கழற்றி மாட்டக்கூடிய தட்டுத் தொகுதி வந்தது. 14 அங்குல விட்டமுள்ள ஆறு தட்டுகள், ஏறத்தாழ நான்கரைக் கிலோ எடை. வேறோர் அறையிலிருந்து கொண்டுவந்த தொகுதியை உடனே மாட்டிவிடக் கூடாது. கணினி அறையின் வெப்பநிலைக்கு அது பழகும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அக்கால ஒழுங்கு. குளிர்ந்த தட்டு சுருங்கியிருக்கும். அதன் தடங்கள் எழுதிய இடத்தில் இரா. முனை தடத்தைத் தேடிச் சென்று பக்கத்து வெளியில் நிற்கும்.

இதற்குரிய தீர்வு 1970இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3330இல் வந்தது. தட்டுப் பரப்புகளில் ஒன்றை வழிகாட்டிக் குறிகளுக்கென்றே ஒதுக்கினர். முனை அக்குறிகளைப் படித்துப் படித்துத் தன் இடத்தைத் திருத்திக்கொண்டது. தட்டு விரிந்தால் குறிகளும் உடன் நகரும், முனையும் அவற்றைத் தொடரும். வெப்பத்தைத் தடுப்பதை விட்டு அதனுடன் ஒத்துப்போகக் கற்ற முதல் முயற்சி இது எனலாம்.

ஆனால் இந்த அறிவு மேசைக் கணினிக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. ஆலன் ஷுகார்ட்டும் ஃபினிஸ் கானரும் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் சீகேட் எனப் பெயர் பெற்றது, 5 மெகாபைட் கொண்ட எஸ்டி-506 என்ற ஐந்தேகால் அங்குல வன்தட்டை 1980இல் வெளியிட்டது. விலையைக் குறைக்க அதில் ஸ்டெப்பர் மோட்டார் வைக்கப்பட்டது. 'இத்தனை படி நகர்' என்ற ஆணைக்கு இத்தனை படி நகரும், சேர்ந்த இடம் சரிதானா என்று திரும்பிப் பார்க்காத மோட்டார் அது. அதன் வழித்தோன்றல்கள் அத்தசாப்தம் முழுவதும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் சுழன்றன.

அக்காலப் பழுது பார்ப்போரின் நடைமுறை அறிவு இங்குதான் உருவானது. காலையில் கணினியை இயக்கியவுடன் படிக்க மறுக்கும் தட்டு, அரை மணி நேரம் ஓடிச் சூடேறியதும் ஒழுங்காகப் படிக்கும். சூடான நிலையில் எழுதியதைக் குளிர்ந்த நிலையில் தேடினால் தடம் சற்று விலகியிருப்பதே காரணம். அதனால் தட்டை வடிவமைக்கும் முன், அதாவது ஃபார்மட் செய்யும் முன், அதை நன்கு ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும் என்பது அக்கால விதி. 1980களின் பிற்பகுதியில் ஸ்டீவ் கிப்சன் எழுதிய ஸ்பின்ரைட் என்ற மென்பொருள், நழுவிப்போன தடங்களை மீண்டும் எழுதிச் சீராக்கியதாலேயே புகழ் பெற்றது. இங்கே வெப்பம் உண்மையிலேயே குற்றவாளி. வெப்பநிலையைச் சீராக்கினால் நோயும் பல வேளைகளில் நீங்கியது.

செவியும் கையும்

அக்காலத்தில் வன்தட்டு தன் உடல்நிலையை எண்ணாகச் சொல்வதில்லை. செவியால் கேட்டார்கள், கையால் தொட்டார்கள். சீரான ரீங்காரம் நலம். ஏறி இறங்கும் ஊளை பேரிங் தேய்வு. அடுத்தடுத்து எழும் 'டிக்' ஓசை, முனை தன் இடத்தைக் காணாது எல்லைவரை சென்று திரும்புகிறது என்பதன் அடையாளம். கையைச் சுடும் தட்டு ஐயத்துக்குரியது.

அத்தசாப்தத்தின் பெருநோய் ஒட்டிக்கொள்ளுதல். அணைக்கப்பட்ட தட்டின்மீது முனை இறங்கி ஓய்வெடுக்கும். தட்டின்மேல் மெல்லிய மசகுப் படலம். வழவழப்பான இரு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கையில் மசகு இடையே பரவிப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். மறுநாள் மோட்டாரால் தட்டை அசைக்கவே இயலாது. நாள் முழுதும் ஓடிச் சூடான தட்டை அணைத்துக் குளிரவிட்டபின் இது நேர்ந்ததால், இதையும் மக்கள் வெப்பத்தின் கணக்கிலேயே எழுதினார்கள். பக்கவாட்டில் மெல்லத் தட்டுவது, கையில் பிடித்துச் சடக்கென்று திருப்புவது ஆகிய வைத்தியங்கள் அன்று பிறந்தவை. பின்னர் முனை இறங்குமிடத்தை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கினர். அதன்பின் முனையைத் தட்டுக்கு வெளியே ஒரு சிறு சரிவில் ஏற்றி நிறுத்தினர். நோய் பெரும்பாலும் ஒழிந்தது. வைத்தியம் மட்டும் ஒழியவில்லை.

பழுதான தட்டை நெகிழிப்பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைவறைக்குள் வைத்தெடுக்கும் வைத்தியமும் இவ்வகையைச் சேர்ந்ததே. உலோகம் சுருங்கி இறுகிய பேரிங் விடுபடுவதோ, சூட்டில் தடுமாறும் மின்சுற்று சற்று நேரம் ஒழுங்காக இயங்குவதோ உண்டு. அதனால் எப்போதாவது அது பலித்தது. பலித்த கதைகளே பரவின. வெளியே எடுத்தவுடன் காற்றின் ஈரம் தட்டின்மேல் பனித்துளியாகப் படியும் என்பதும், சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் இன்றைய முனைக்கு அத்துளி ஒரு மலை என்பதும் கதைகளில் இடம்பெறவில்லை.

வேகத்தின் விலை

1990களில் வெப்பம் வேறு வழியில் பெருகியது. 1992இல் சீகேட்டின் பாரகுடா நிமிடத்திற்கு 7200 சுற்று வேகத்தைத் தொட்டது. 1996இல் சீட்டா 10,000. 2000இல் எக்ஸ்15 என்பது 15,000. உள்ளே இருக்கும் காற்றைத் தட்டு கலக்குவதால் எழும் வெப்பம், சுழல்வேகத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கை ஒட்டி வளர்கிறது. வேகம் இரட்டித்தால் அவ்வெப்பம் ஏறத்தாழ ஏழு மடங்காகிறது. தட்டின் விட்டத்தைப் பொறுத்தோ இன்னும் கடுமை: ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கு. அதனால்தான் மிகுவேக வன்தட்டுகள் வெளியே பழைய அளவிலேயே இருந்தாலும் உள்ளே சிறிய தட்டுகளையே கொண்டிருந்தன. 2005இல் சுதன்வ குருமூர்த்தி, ஆனந்த் சிவசுப்ரமணியம், விவேக் நடராஜன் ஆகிய மூவர் எழுதிய ஆய்வு இந்தக் கணக்கை விரிவாகப் போட்டு, வேகத்தை உயர்த்தி முன்னேறும் பாதை வெப்பச் சுவரில் முட்டப்போகிறது என்று காட்டியது. 15,000 சுற்றுக்கு மேற்பட்ட வன்தட்டு பின்னர் சந்தைக்கு வரவே இல்லை.

அந்நாளில் பொறியியலாளரிடையே ஒரு பொதுவிதியும் வேரூன்றியிருந்தது. வேதிவினைகளின் வேகம் வெப்பத்தோடு எவ்வாறு கூடுகிறது என்று 1889இல் ஸ்வீடன் அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ் வகுத்த சமன்பாட்டை மின்னணுக் கருவிகளின் ஆயுளுக்குப் பொருத்திப் பார்ப்பது வழக்கமாயிருந்தது. வெப்பநிலை 15 டிகிரி கூடினால் வன்தட்டுகள் பழுதாகும் வீதம் ஏறத்தாழ இரட்டிக்கலாம் என்று தயாரிப்பாளர் தரப்பு மதிப்பீடு சொன்னது. கடைக்காரரும் கணினி இதழ்களும் சொன்ன 'சூடானால் போச்சு' என்ற வாசகத்தின் பின்னால் இத்தனை மரியாதைக்குரிய மூதாதையர் இருந்தனர். நான் விசிறியைத் திருப்பி வைத்தபோது என் கையை இயக்கியவர்கள் இவர்களே.

எண்கள் பேசத் தொடங்கின

1992இல் ஐபிஎம் தன் சில வன்தட்டுகளில், பழுதை முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. 1995இல் காம்பேக் நிறுவனம் சீகேட், குவாண்டம், கானர் ஆகிய தயாரிப்பாளர்களுடன் இணைந்து அதைப் பொதுத் தரமாக்க முனைந்தது. அதுவே ஸ்மார்ட் என்ற பெயரில் எல்லா வன்தட்டுகளுக்குள்ளும் குடியேறிய நோய்க்குறிப்பேடு. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை இயக்கப்பட்டது, எத்தனை செக்டர்கள் கெட்டு மாற்றிடம் பெற்றன, எத்தனை செக்டர்கள் படிக்கமுடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கின்றன என்பன ஒவ்வொன்றும் ஓர் எண்ணுள்ள வரியாகப் பதியும். வெப்பநிலை அவற்றில் 194ஆம் வரி.

இந்தப் பட்டியலைத் திறக்கும் எளிய மனிதனுக்கு விளங்கும் வரி அந்த ஒன்றுதான். மற்றவை சங்கேத எண்கள். வெப்பநிலையோ அன்றாட வாழ்வின் அளவு. அது ஏறும், இறங்கும், நம் செயலுக்குச் செவிசாய்க்கும். விசிறி வைத்தால் குறைகிறது. கெட்ட செக்டர்களின் எண்ணிக்கை எதற்கும் குறையாது. ஆகவே நம் கண் வெப்பநிலையிலேயே தங்கிவிடுகிறது.

2007 பிப்ரவரி

முதல் வன்தட்டு பிறந்த அதே சான் ஹோசே நகரில், ஐம்பதாண்டுகளுக்குப் பின், சேமிப்புக் கருவிகளைப் பற்றிய மாநாடு ஒன்றில் இரண்டு ஆய்வுகள் படிக்கப்பட்டன.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ ஒரு இலட்சம் வன்தட்டுகளின் மாற்றுப் பதிவேடுகளை ஆராய்ந்தனர். தயாரிப்பாளர்கள் தந்த விவரத்தாள்கள் பத்து இலட்சம் மணி நேரமும் அதற்கு மேலும் சராசரி ஆயுள் என்றன. அதன்படி ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டுக்கு மேல் மாற்ற நேரக்கூடாது. உண்மையில் 2 முதல் 4 விழுக்காடு சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 வரை சென்றது.

இரண்டாவது ஆய்வு கூகுள் நிறுவனத்தின் எடுவார்டோ பின்யெய்ரோ, வுல்ஃப்-டீட்ரிக் வெபர், லூயிஸ் பரோசோ ஆகியோருடையது. தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண வன்தட்டுகளின் நோய்க்குறிப்பேடுகளை அவர்கள் திரட்டினர். வெப்பத்தைப் பற்றிய அவர்களது முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. சராசரி வெப்பநிலை கூடக்கூடப் பழுது கூடவில்லை. மாறாக, குளிர்ந்து ஓடியவற்றிலேயே பழுது மிகுந்திருந்தது. மிக உயர்ந்த வெப்பநிலையிலும், மூன்றாண்டு கடந்த முதிய தட்டுகளிலும் மட்டுமே வெப்பத்தின் தீங்கு தெளிவாகத் தெரிந்தது.

பிறகு எதைக் கண்டு அஞ்சுவது? தட்டு தன்னைத்தானே சோதிக்கையில் முதல் படிப்புப் பிழை தென்பட்டால், அது அடுத்த 60 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு. முதல் செக்டர் மாற்றிடம் பெற்றால் 14 மடங்கு. ஒரு செக்டர் தீர்ப்புக்குக் காத்திருந்தால் 16 மடங்கு. என் தட்டு அந்தச் சித்திரையில் இச்செய்திகளையெல்லாம் எனக்கு எழுதிவைத்திருந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். நான் 194ஆம் வரிக்கு மேல் படிக்கவில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது; அதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். இறந்துபோன தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, முதன்மையான நான்கு குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் இறந்தன. வெப்பம் நீங்கலாக எல்லாக் குறிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் 36 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை முன்னறிவிப்பே இன்றி மாண்டன. ஆகவே காய்ச்சலைப் பார்ப்பது மட்டுமல்ல, நாடியைப் பார்ப்பதும் போதாது.

வெப்பத்துக்கு மறுவிசாரணை

வெப்பம் நிரபராதி என்று தீர்ப்பு எழுதிவிடலாகாது. 2012இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ஷ்ரோடரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு, வெப்பம் கூடினால் செக்டர் பிழைகள் கூடுகின்றன என்றே கண்டது. ஆனால் அஞ்சியதுபோல் மடங்கு மடங்காக அன்று, நேர்கோட்டில் மெல்ல. சராசரி வெப்பத்தைவிட வெப்பநிலையின் ஏற்ற இறக்கமே மிகுதியாகப் பாதிக்கிறது என்றும் அவர்கள் கூறினர். 2013இல் மைக்ரோசாஃப்ட் தரவு மையங்களை ஆராய்ந்த ஸ்ரீராம் சங்கரும் உடனிருந்தோரும் இதற்கு மாறாக, சராசரி வெப்பத்துக்கும் பழுதுக்கும் வலுவான தொடர்பு உண்டு, ஏற்ற இறக்கத்துக்கு அத்தகைய தொடர்பு இல்லை என்றனர். ஒரே பெட்டிக்குள், முன்வரிசைத் தட்டுகளைச் சுற்றிச் சூடேறிய காற்றை வாங்கும் பின்வரிசைத் தட்டுகள் மிகுதியாகப் பழுதாயின என்பது அவர்கள் சான்று. தட்டின் வகை, பெட்டியின் அமைப்பு, காற்றின் ஓட்டம் ஆகியவை மாறும்போது விடையும் மாறுகிறது போலும்.

2016இல் வழக்கில் வேறொரு பெயர் அடிபட்டது. மைக்ரோசாஃப்ட்டின் ஒன்பது தரவு மையங்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்த குழு, வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே பழுதுக்குப் பெரிய காரணமாயிருப்பதைக் கண்டது. ஈரம் முதன்மையாகத் தாக்கியது சுழலும் தட்டையன்று, அதன் மின்சுற்றையும் இணைப்புகளையும். கடலோர ஊர்களில் கணினி வைத்திருப்போர் இச்செய்தியைச் சற்று நிறுத்திப் படிக்கலாம்.

இதற்கு முன்னோட்டம்போல் ஒரு நிகழ்ச்சி ஏற்கெனவே நடந்திருந்தது. 2001ஐ ஒட்டி ஃபுஜிட்சு நிறுவனத்தின் சில வகை மேசைக்கணினி வன்தட்டுகள் பெருவாரியாகப் பழுதாயின. சிரஸ் லாஜிக் நிறுவனம் வழங்கிய சில்லு ஒன்றின்மீது ஐயம் விழுந்து, இரு நிறுவனங்களும் நீதிமன்றம் சென்றன. அச்சில்லின் மேலுறைப் பிசினில் தீத்தடுப்புக்காகச் சிவப்புப் பாஸ்பரஸ் கலக்கப்பட்டிருந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தபோது அது சில்லின் கம்பிகளுக்கிடையே மின்கசிவை உண்டாக்கியது. சூடு தனியே செய்யாததை ஈரத்தின் துணையோடு செய்தது.

பகை கருவியான கதை

வரலாற்றின் கடைசித் திருப்பம் இன்னும் விந்தையானது. 2000களின் நடுவிலிருந்து தயாரிப்பாளர்கள் காந்தமுனைக்குள்ளேயே ஒரு நுண்ணிய சூடேற்றியை வைக்கத் தொடங்கினர். மின்சாரம் பாய்ந்தால் முனையின் நுனி சூடாகிச் சிறிது புடைத்துத் தட்டை நெருங்கும், நிறுத்தினால் விலகும். அறுபதுகளில் அஞ்சிய அதே வெப்ப விரிவு, நானோமீட்டர் அளவில் இடைவெளியைச் சீர்செய்யும் கருவியாயிற்று. 2013இல் எச்ஜிஎஸ்டி நிறுவனம் காற்றுக்குப் பதிலாக ஹீலியம் நிரப்பிய வன்தட்டை விற்கத் தொடங்கியது. காற்றில் ஏழில் ஒரு பங்கு அடர்த்தியே உள்ள வாயுவாதலால் உராய்வு குறைந்து வெப்பமும் குறைந்தது. ஏழு தட்டுகளை நெருக்கி அடுக்க முடிந்தது.

பொருள்கள் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காந்தத்தன்மையை இழக்கின்றன என்பதை 1895இல் பியேர் க்யூரி விரிவாக ஆராய்ந்து காட்டினார். எழுத்தை அழிக்கவல்ல அந்த உண்மையே இன்று எழுதப் பயன்படுகிறது. 2024 ஜனவரியில் சீகேட் அறிவித்த 30 டெராபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டுகளில், முனையில் பொருத்திய லேசர் கதிர் தட்டின் நுண்புள்ளி ஒன்றை 400 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறது. இளகிய அக்கணத்தில் எழுத்து பதிகிறது. ஏறத்தாழ ஒரு நானோவினாடிக்குள் எல்லாம் முடிந்து புள்ளி ஆறிவிடுகிறது. விசிறி வைத்து நாம் விரட்டிய வெப்பம் தட்டுக்குள்ளேயே எழுத்தாணி ஆகிவிட்டது.

விசிறிக்கு முன் செய்ய வேண்டியது

இவ்வளவையும் படித்தபின் என் நடைமுறை மாறியிருக்கிறது. வன்தட்டு தடுமாறினால் முதலில் செய்ய வேண்டியது நோய்நாடலன்று, படியெடுத்தல். அதிலும், மீண்டும் பெறமுடியாதவை முதலில். மென்பொருளை மறுபடி நிறுவிக்கொள்ளலாம்; திரைப்படத்தை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்; குரலைப் பெற முடியாது. பிழை திருத்தும் நிரல்களையும் கோப்புகளைச் சீராக அடுக்கும் நிரல்களையும் நோயுற்ற தட்டின்மேல் ஓட்டக்கூடாது. அவை தட்டின் எஞ்சிய மூச்சைச் செலவழிப்பவை. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போன்ற நிரல்கள் நல்ல பகுதிகளை முதலில் படியெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பின்னர் திரும்பிவருகின்றன. அந்த வரிசையிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

படி கைக்கு வந்தபின் குறிப்பேட்டைத் திறக்கலாம். 5, 197, 198 ஆகிய வரிகளில் சுழியைத் தவிர வேறு எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால் தட்டு திரும்பாத வழியில் செல்கிறது. 199ஆம் வரி மட்டும் ஏறினால் தட்டைக் குற்றம் சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். வெப்பநிலை வழக்கத்துக்கு மாறாக 50ஐத் தாண்டினால், விசிறி நின்றிருக்கிறதா, தூசு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது நன்று. விசிறிக்கு இடமில்லை என்று நான் சொல்லவில்லை; அதன் இடம் இங்கே என்கிறேன். டிக் ஓசை ஓயாது கேட்டு, தட்டு கணினியின் கண்ணுக்கே தெரியாமற்போனால், மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காமல் அணைத்து, மீட்புப் பணியில் தேர்ந்தவரிடம் கொடுப்பதொன்றே வழி.

குறியே காட்டாமல் இறக்கும் அந்த 36 விழுக்காட்டுக்கு மேற்சொன்ன எதுவும் உதவாது. அவற்றுக்கு மருந்து ஒன்றே: நலமாயிருக்கும் நாளிலேயே வேறிடத்தில் இன்னொரு படி. ஓலை செல்லரித்துப்போகும் என்பதை அறிந்தே நம் முன்னோர் ஏடுகளைப் பெயர்த்தெழுதி வந்தனர். அரிக்கத் தொடங்கியபின் எழுதலாம் என்று காத்திருந்தவர்களின் ஏடுகள் நமக்கு வந்து சேரவில்லை.

பெரியம்மாவின் பாடல்களில் ஒன்று மட்டும் எஞ்சியது. பதிவு செய்த அன்றே என் தங்கை அதைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிவைத்திருந்தாள். வெப்பநிலையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.